சமூக ஆய்வுத் தரவுகளைக் காத்தலும் கையாளப் பயிலுதலும்

நம் இறையியல் கல்லூரிகளில் பட்ட ஆய்வேட்டுக்காக மாணவர் சேகரங்களுக்குச் சென்று விவரம் திரட்டுவது நெடுநாளைய வழக்கம். ஒரு வினாப்பட்டியலை அமைத்து, நூறு பிரதிகள் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போகின்றனர். வீட்டில் எத்தனை பேர், சொந்த நிலம் உண்டா, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு, பெண்மக்கள் எத்தனையாம் வகுப்புவரை படித்தனர் என்றெல்லாம் திண்ணையில் அமர்ந்து கேட்டு எழுதுகின்றனர். வேலைக்குப் போகவேண்டியவர்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்து விடை சொல்லுகின்றனர். பின்னர் ஆய்வேடு எழுதப்பெறுகிறது; தேர்வாளர் ஒப்புதல் தருகின்றனர்; பிரதி ஒன்று நூலகத்தில் வைக்கப்பெறுகிறது. ஆனால் நிரப்பப்பெற்ற அந்த நூறு தாள்களும் என்னவாகின்றன? விடுதி அறையின் பரணில் சில காலம் கிடந்து, பழைய தாள் வாங்குபவரிடம் போய்ச் சேருகின்றன. தாளுக்குப் பதிலாகக் கைப்பேசியில் விடைகளைப் பதியும் இந்நாளிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. கைப்பேசி பழுதானால் கேட்டதும் போயிற்று, சொன்னதும் போயிற்று.

இவ்வாறு கேட்டும் கண்டும் எண்ணியும் பதியப்பெற்ற மூலக்குறிப்புகளையே தரவு என்கிறோம். ஆய்வேட்டில் வருவது தரவன்று. தரவினின்று ஓர் ஆய்வாளர் கண்ட முடிவு. நெல்லுக்கும் சோற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கே உண்டு. சோறு அந்த வேளைப் பசியை ஆற்றும். ஆனால் அதை விதைக்க இயலாது. வேறொருவர் வேறொரு காலத்தில் வேறொரு கேள்வியோடு வரும்போது அவருக்கு வேண்டியது நெல்லே. இந்த நெல்லைக் குதிரில் இட்டுக் காக்கும் முறையையும், அதைக் கையாளுவதற்கு ஆய்வாளர் பெறவேண்டிய பயிற்சியையும் பற்றியே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இழப்பு என்பது இன்னதென்று உணர்த்த நம் நாட்டு அறிஞர் ஒருவரின் அனுபவமே போதும். மானிடவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு செய்தார். அவ்வூருக்கு அவர் தம் எழுத்தில் இட்ட பெயர் ராம்புரா. பல ஆண்டுகள் உழைத்து அக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, மூன்று படிகள் எடுத்து, அவற்றோடு அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டின் உயர் ஆய்வு மையத்துக்குச் சென்றார். 1970 ஏப்ரலில் அம்மையத்துக்குச் சிலர் தீ வைத்தபோது, அவருடைய அறையிலிருந்த மூன்று படிகளும் சாம்பலாயின. பிறகு நினைவைத் துணையாகக் கொண்டு அவர் எழுதிய நூல்தான் 1976இல் வெளிவந்த ‘நினைவில் நின்ற கிராமம்’ என்னும் பொருள்தரும் பெயருடைய புகழ்பெற்ற ஆங்கில நூல். நூல் சிறந்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று படிகள் ஓர் அறையில் இருந்தால் அவை ஒரு படியே. காப்பகத்தார் பிரதிகளை வெவ்வேறு ஊர்களில் வைப்பதன் காரணம் இதுவே.

தீயினால் அழியாமல், மறதியினால் அழிய இருந்த தரவு ஒன்றின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் காத்தலின் பயன், பயிற்சியின் தேவை ஆகிய இரண்டும் அதில் விளங்குகின்றன.

ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்னும் கணவனும் மனைவியும் பணியாற்றி வந்தனர். அவர் பேராசிரியர், கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்தும் அவ்வம்மையாருக்கு அங்கே பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. ஆய்வுத் துணைவர் என்ற நிலையிலேயே அவருடைய காலம் கழிந்தது. இவ்விருவரும் 1940ஆம் ஆண்டையொட்டி, பாஸ்டன் நகரில் ஒரு பேராய்வைத் தொடங்கினர். குற்றம் புரிந்து சீர்திருத்தப் பள்ளிகளுக்கு அனுப்பப்பெற்ற 500 சிறுவர்; அவர்களைப் போன்றே ஏழ்மையான தெருக்களில் வாழ்ந்தும் குற்றம் புரியாத 500 சிறுவர். வயது, இனவழி, அறிவுத்திறன், வாழுமிடம் ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் இணையாக இவர்கள் தெரிந்தெடுக்கப்பெற்றனர். சிறுவனோடு பேசினர், பெற்றோரோடு பேசினர், ஆசிரியரைக் கேட்டனர், மருத்துவரும் மனநல மருத்துவரும் சோதித்தனர். 25 வயதளவிலும் 32 வயதளவிலும் மீண்டும் அவர்களைத் தேடிச் சென்றனர்.

முதல் முடிவுகள் 1950இல் நூலாக வெளிவந்தன. குற்றத்துக்கான வேர் இளமையிலேயே உளது என்றும், பள்ளியில் சேரும் வயதிலேயே எந்தப் பிள்ளை பின்னாளில் குற்றவாளியாவான் என்று முன்னறிய இயலும் என்றும் குளூக் தம்பதியர் கருதினர். அதற்கென அட்டவணைகளும் வகுத்தனர். அவ்வட்டவணைகள் நியூயார்க் நகரில் சோதித்தும் பார்க்கப்பெற்றன. ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றியில் இவன் இன்னான் என்று எழுதிவிடுவது எத்துணை அச்சத்துக்குரியது! பிறர் பலர் இம்முடிவுகளைக் கடுமையாக மறுத்தனர். அத்துடன் அந்த ஆய்வு பழங்கதையாயிற்று. எலினோர் அம்மையார் 1972இலும் ஷெல்டன் 1980இலும் காலமாயினர்.

1980களின் நடுவில் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்னும் இரு இளம் ஆய்வாளர்கள், சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறைக்கும் கீழே உள்ள அறையில் குளூக் தம்பதியரின் தாள்கள் பெட்டி பெட்டியாகக் கிடப்பதை அறிந்தனர். ஆயிரம் சிறுவரின் வரலாறுகளும் அங்கே இருந்தன. ஆனால் இருந்தும் என்ன? அவற்றை உடனே பயன்படுத்த முடியவில்லை. பழைய துளை அட்டைகளில் இருந்த குறியீடுகளை அந்நாளைய கணிப்பொறிகள் ஏற்கவில்லை. எந்தத் துளை எந்த விடையைக் குறித்தது என்பதைத் தாள்களோடு ஒப்பிட்டே கண்டறிய வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் உழைத்து, மூலத்தாள்களைப் படித்து, புதிதாகக் குறியீடு இட்டு, சரிபார்த்து, அத்தரவுக்கு உயிரூட்டினர்.

அதன் பயன் 1993இல் வெளிவந்தது. ஒரே தரவு, ஆனால் கேள்வி வேறு. குளூக் தம்பதியர், குற்றவாளியையும் குற்றம் புரியாதவனையும் பிரித்துக் காட்டுவது எது என்று கேட்டனர். இவர்களோ, குற்றம் புரிந்த சிறுவரில் பலர் பின்னாளில் அவ்வழியை விட்டது எவ்வாறு என்று கேட்டனர். நிலையான வேலை, அன்புள்ள இல்லறம், படைப்பணி ஆகியவை பலருடைய வாழ்வைத் திருப்பிவிட்டதைக் கண்டனர். இளமையின் பாதிப்பு உண்மையே. ஆனால் அது விதியன்று. அதன்பின் அவர்களுள் உயிரோடிருந்த 52 பேரை முதுமையில் தேடிப்பிடித்து நேரில் உரையாடி 2003இல் மற்றொரு நூலும் வெளியிட்டனர். ஆறு வயதில் எழுதப்பெற்ற தீர்ப்பு தவறு என்று காட்டிய சான்று, அத்தீர்ப்பை எழுதியவர்களே திரட்டிய தாள்களில் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1972இலோ 1980இலோ யாரேனும் இடம் வேண்டுமென்று அப்பெட்டிகளை அப்புறப்படுத்தியிருந்தால் அச்சிறுவருக்கு எதிரான முதல் முடிவு மட்டுமே நூலகங்களில் நின்றிருக்கும். அவர்கள் அனைவரும் வெள்ளை இனத்துச் சிறுவர் என்பதால் அம்முடிவை எல்லாருக்கும் நீட்டலாகாது என்பதும் இத்தாள்கள் இருப்பதனாலேயே நமக்குத் தெரிகிறது.

இத்தகைய இழப்புகளைத் தவிர்க்கவே தரவுக் காப்பகங்கள் எழுந்தன. அமெரிக்காவில் கருத்துக்கணிப்புத் தரவுகளுக்கென ரோப்பர் மையம் 1947இல் தோன்றியது. மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் 1960இலும், மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் 1962இலும், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இலும் இத்தகைய நிறுவனங்கள் அமைந்தன. நம் நாட்டில் டில்லியிலுள்ள வளரும் சமுதாயங்களுக்கான ஆய்வு மையம் 1960களிலேயே தேர்தல் ஆய்வுத் தரவுகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1969இல் நிறுவப்பெற்ற இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் இத்துறையில் பங்கு கொண்டுள்ளது. இவற்றின் நிர்வாக வரலாறு நமக்கு இங்கே வேண்டுவதில்லை. வேண்டுவது மற்றொன்று. ஆன் ஆர்பரில் காப்பகம் தொடங்கிய மறு ஆண்டாகிய 1963இலேயே கோடைக்காலப் பயிற்சி வகுப்பு தொடங்கப்பெற்றது. எசெக்ஸிலும் 1968இலேயே அத்தகைய கோடைப் பள்ளி வந்துவிட்டது. குதிர் கட்டியவர்கள், நெல்லைக் குத்தத் தெரியாதவனுக்குக் குதிரால் பயனில்லை என்பதை உடனே உணர்ந்தனர்.

காப்பகம் எதைக் காக்க வேண்டும்? விடைகளை மட்டும் காத்தால் போதாது. கேட்கப்பெற்ற கேள்வி, கேட்கப்பெற்ற மொழியில், கேட்கப்பெற்ற வரிசையிலேயே வேண்டும். விடைகளுக்கு இடப்பெற்ற எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்னும் குறியீட்டு ஏடு வேண்டும். எந்த வீடுகள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பெற்றன, எத்தனை வீடுகளில் கதவு திறக்கப்படவில்லை, கேட்டவர் ஆணா பெண்ணா, அவர் அவ்வூராரா அயலாரா என்பனவும் வேண்டும். நம்மூரில் இக்கடைசிச் செய்தி மிக முதன்மையானது. போதகரின் மகன் வந்து கேட்டால் வரும் விடை வேறு. கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர் கேட்டால் வரும் விடை வேறு. சேரிக்குள் அதுவரை கால்வைத்திராத ஒருவர் கேட்டால் வரும் விடை முற்றிலும் வேறு.

தரவு எந்தப் பொருளில் எழுதப்பெற்றுள்ளது என்பதும் கருதத்தக்கது. இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் மன்னன் 1086இல் எழுதுவித்த டூம்ஸ்டே என்னும் நிலப் பேரேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, பி.பி.சி. நிறுவனம் 1986இல் புதிய பேரேடு ஒன்றை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் ஊர்களைப் பற்றி எழுதி அனுப்பினர். அவை அனைத்தும் ஒளித்தட்டுகளில் பதியப்பெற்றன. பதினைந்து ஆண்டுகள் கழிந்தபோது அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. 2002இல் இரு பல்கலைக்கழகத்தார் முயன்று அவற்றை மீட்கவேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏடோ அன்றும் இன்றும் கண்ணிருப்பவர் படிக்கும் நிலையில் உள்ளது. ஆகவே கணிப்பொறியில் இட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுவது பேதைமை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, புதிய வடிவுக்கு மாற்றிவைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பழைய வீடுகளில் ஆண்டுக்கொருமுறை ஓலைச்சுவடிகளை எடுத்து மஞ்சள் பூசி உலர்த்தியது போன்ற வேலை இது.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். பிறர் திரட்டிய தரவை எடுத்துக் கணக்குப் பார்ப்பது எளிது என்பது பலருடைய எண்ணம். எளிதாயிருப்பதே இடர். ஓர் எடுத்துக்காட்டு. வயதை இரண்டு இலக்கத்தில் பதியும் ஆய்வுகளில், விடை தராதவருக்கு 99 என்று எண் இடுவது வழக்கம். குறியீட்டு ஏட்டைப் படிக்காத மாணவர் எல்லா வயதையும் கூட்டிச் சராசரி காண்பார். கணிப்பொறியும் மறுப்பின்றிக் கணக்கிட்டுக் கொடுக்கும். அச்சேகரத்தில் தொண்ணூற்றொன்பது வயது முதியோர் மலிந்திருப்பதாக ஆய்வேட்டில் எழுதப்பெறும்! நகைக்கத்தக்க பிழைதான். ஆனால் கடன்தொகை, பிள்ளைகளின் எண்ணிக்கை போன்றவற்றில் இதே பிழை நேரும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதனினும் நுட்பமானது கேள்வியின் வரையறை. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் தொழிலாளர். 1971இல் இவ்வளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிட்டது. பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான பெண்கள் கழனியை விட்டு வீட்டுக்குள் போய்விட்டனரா? இல்லை. 1961இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தவரும் தொழிலாளராகக் கொள்ளப்பெற்றார். 1971இல் ஒருவருடைய முதன்மையான செயல் எது என்று கேட்கப்பெற்றது. விடியுமுன் நாற்று நட்டு, மாலையில் மாட்டுக்குப் புல்லறுத்து, இடையில் அடுப்பெரித்த பெண்ணைப் பற்றி அவ்வீட்டு ஆண்மகன், ‘வீட்டு வேலைதான்’ என்றான். பெண் மாறவில்லை, கேள்வி மாறியது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, பெண்களின் உழைப்பு குன்றிவிட்டது என்று உரை நிகழ்த்துபவர் பொய் சொல்லுகிறார் என்று நாம் சொல்லமாட்டோம். பயிற்சி இல்லாதவர் என்று மட்டும் சொல்லுவோம். ஆயினும் அவ்வுரையைக் கேட்டு ஒரு திட்டம் தீட்டப்பெற்றால் அதன் கேட்டைச் சுமப்பவள் அப்பெண்ணே.

திருச்சபையின் பதிவேடுகளும் தரவுகளே. இதனை உலகுக்குச் செயலில் காட்டியவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1964இல் பீட்டர் லாஸ்லெட்டும் டோனி ரிக்லியும் தொடங்கிய மக்கள்தொகை வரலாற்றுக் குழுவினர். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் பதிந்து வைக்குமாறு ஆணையிட்டார். அவ்வேடுகள் ஆயிரக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தன. ஒரு பல்கலைக்கழகக் குழு அவற்றையெல்லாம் படித்து முடிப்பதென்பது நடவாத காரியம். எனவே அவர்கள் உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள பொதுமக்களை அழைத்தனர். அச்சிட்ட படிவங்களைத் தந்து, மாதவாரியாக எண்ணிப் பதியும் முறையைக் கற்பித்தனர். வழிகாட்டும் நூல் எழுதினர். இவர்களுக்கென ஓர் இதழும் 1968இல் தோன்றியது. இவ்வாறு ஊர்தோறும் தன்னார்வலர் எண்ணித் தந்தவற்றினின்று 404 பங்குகளின் கணக்குகள் தெரிந்தெடுக்கப்பெற்றன. அவற்றின் அடிப்படையில் 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாற்றை ரிக்லியும் ரோஜர் ஸ்கோஃபீல்டும் 1981இல் வெளியிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள் பெருகியதற்கு இறப்புக் குறைந்ததைவிட, மக்கள் முன்னிலும் இளவயதில் மணம் புரிந்ததே பெரிய காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று.

இதில் நாம் கற்கவேண்டியது, அவர்கள் பதிவேட்டை நம்பிய முறையன்று, ஐயுற்ற முறை. ஞானஸ்நானப் பதிவேடு பிறப்புப் பதிவேடு அன்று. பிறந்து மூன்றாம் நாளே இறந்த சிசு அதில் இல்லை. அரசுச் சபையை விட்டு விலகிய பாப்டிஸ்டுகளின் பிள்ளைகள் அதில் இல்லை. குவேக்கர்களின் பிள்ளைகளும் இல்லை. சோம்பலுள்ள குரு ஒருவர் பத்து ஆண்டுகள் ஒழுங்காக எழுதாதிருந்தால், அவ்வூரில் பத்து ஆண்டுகள் பிள்ளையே பிறக்கவில்லை என்பது போலத் தோன்றும். இவ்வெற்றிடங்கள் ஒவ்வொன்றையும் கண்டு, அளந்து, திருத்திய பின்னரே அவர்கள் கணக்கிட்டனர். அத்திருத்தங்கள் சரியா என்று பிறர் பின்னர் வாதிடவும் முடிந்தது. ஏனெனில் மூலக் கணக்குகள் காக்கப்பெற்றிருந்தன. தென்னாட்டிலும் தரங்கம்பாடி மிஷன் காலமாகிய 1707 முதல் ஞானஸ்நானங்கள் நடந்துவந்துள்ளன. பழைய சபைகள் பலவற்றில் நெடுங்காலத்துப் பதிவேடுகள் உள்ளன. மழை ஒழுகும் ஆலய அறைகளில் அவை எந்நிலையில் உள்ளன என்பதை நம் வாசகராகிய போதகர்களே நன்கறிவர்.

மாணவரைக் கொண்டு தரவு திரட்டும் முயற்சிக்கு நம் மாநிலத்திலேயே ஒரு மூத்த முன்மாதிரி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரை விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பி, வினாப்பட்டியலைக் கொண்டு ஆராய்ந்து எழுதச் செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அக்கட்டுரைகள் 1918இல் நூலாயின. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்கொண்ட மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. அறுபதுகளில் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் அம்மையாரும், எண்பதுகளில் எஸ். குகன் முதலியோரும் அவ்வூர்களுக்குச் சென்றனர். இருவேல்பட்டில் 2008இலும் ஆய்வு நடந்தது. ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவு ஆகியவை ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் மாறிய வகையைக் காண இவ்வரிசை உதவுகிறது. இந்தியாவில் இத்தகைய வாய்ப்பு சில ஊர்களுக்கே வாய்த்துள்ளது. எனினும் 1918ஆம் ஆண்டு நூலில் உள்ளவை ஊருக்கொன்றாக எழுதிய கட்டுரைகளும் அட்டவணைகளுமே. வீட்டுக்கு வீடு எழுதிய தாள்கள் அதில் இல்லை. ஆகவே அந்நூலைக் கொண்டு ஊரை ஊரோடு ஒப்பிடலாம். அன்று ஒரு பண்ணையாளின் வீட்டில் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று எங்கே உள்ளனர் என்று அந்நூலைக் கொண்டு மட்டும் கேட்க இயலாது.

ஆனால் அவ்வாறு வீட்டுக்கு வீடு கேட்க இயலுவது நன்றா என்னும் வினாவும் உடன் எழுகிறது. இதுவே இப்பொருளில் நம் உள்ளத்தை மிகவும் உறுத்தும் பகுதி. போதகரிடம் தனிமையில் சொன்னதைப் போதகர் வெளியே சொல்லலாகாது என்று நாம் மாணவருக்குப் போதிக்கிறோம். அதே மாணவர் வினாப்பட்டியலோடு செல்லும்போது, ஆய்வாளர் என்ற முறையில் அதே கடமையுடையவர். விடை சொன்னவர் இரகசியமாய்ச் சொன்னார். காப்பகமோ பிறருக்குத் திறந்துவிடும் இடம். இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

பொருந்தாமற்போன ஒரு நிகழ்ச்சி உண்டு. வட அயர்லாந்தின் கலவரக் காலத்தில் ஆயுதமேந்திய இரு தரப்பினரையும் 2001 முதல் 2006 வரை சந்தித்து, அவர்களுடைய வாக்குமூலங்களை அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் கல்லூரியின் சார்பில் ஒலிப்பதிவு செய்தனர். பேசியவர் இறக்கும்வரை அவருடைய பதிவு வெளிவராது என்ற உறுதி தரப்பெற்றது. இருவர் இறந்தபின் அவர்களுடைய பதிவுகளைக் கொண்டு 2010இல் ஒரு நூல் வந்தது. பத்துப் பிள்ளைகளின் தாயாகிய ஒரு விதவை 1972இல் கடத்திக் கொல்லப்பெற்றது குறித்த செய்திகள் வேறு பதிவுகளிலும் இருக்கக்கூடும் என்று கருதி, வட அயர்லாந்துக் காவல்துறையினர் 2011இல் அமெரிக்க நீதிமன்றத்தின் வழியே அவற்றைக் கேட்டனர். வழக்கின் முடிவில் சில நாடாக்கள் ஒப்படைக்கப்பெற்றன. பேசியவர்களுக்குத் தந்த உறுதி காற்றில் போயிற்று. தாயை இழந்த பிள்ளைகள் நீதி கேட்டதில் தவறில்லை. அவர்களுக்கும் நீதி கிட்டவில்லை. 2019இல் நடந்த விசாரணையில் அப்பதிவுகள் நம்பத்தக்க சான்றுகள் அல்ல என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். சட்டம் தராத பாதுகாப்பை ஆய்வாளர் தம் வாயால் வாக்களித்ததே இதன் மூலம்.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் ஒருவர் சொன்னதை எவரும் பார்வையிட உரிமையில்லை என்றும், அச்சட்டத்தின்கீழ் தொடரப்பெறும் வழக்கில் அன்றி வேறெதிலும் அது சான்றாகாது என்றும் கூறுகிறது. அக்காப்பு அரசின் கணக்கெடுப்புக்கு உரியது. நம் மாணவரின் வினாப்பட்டியலுக்கு அன்று. எனவே மாணவர் எதை வாக்களிக்கலாம், எதை வாக்களிக்கலாகாது என்பதைப் புறப்படுமுன்னரே கற்பிக்க வேண்டும். ‘யாருக்கும் தெரியாது’ என்பது வாக்களிக்கத்தக்கதன்று. ‘உங்கள் பெயரை விடைகளோடு சேர்த்து வைக்கமாட்டோம், பெயரைத் தனித்தாளில் எழுதிப் பூட்டி வைப்போம், இன்ன ஆண்டில் அத்தாளை அழித்துவிடுவோம், பெயரில்லாத விடைகளைப் பிற்காலத்தில் பிறரும் படிப்பர், இதற்கு உங்களுக்குச் சம்மதமா?’ என்பது வாக்களிக்கத்தக்கது. சம்மதமில்லை என்பவரின் விடைகளைக் காப்பகத்தில் வைத்தலாகாது.

பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்று எண்ணுவதும் கூடாது. அறுபது வீடுகள் உள்ள ஊரில் ‘ஆசிரியை, கணவனை இழந்தவர், இரு மகள்கள்’ என்று எழுதினால் பெயர் எதற்கு? பயிற்சி பெற்றவர் ஆசிரியை என்பதை மாதச் சம்பளம் பெறுபவர் என்று மாற்றுவார். வயதைப் பத்தாண்டு வகைக்குள் அடக்குவார். ஊரின் பெயரையும் சில வேளைகளில் நீக்குவார். இவ்வாறு மாற்ற மாற்றத் தரவு பிறருக்குப் பயன்படுவது குறையும் என்பது மெய்யே. எங்கே நிறுத்துவது என்பதற்கு விதி எழுதி முடியாது. அவ்வூரை அறிந்தவர் ஒருவரும் அறியாதவர் ஒருவருமாக இருவர் அமர்ந்து தாள் தாளாகப் பார்ப்பதே நல்லது என்பது நம் கருத்து.

இவற்றுக்கெல்லாம் பெருநிதி வேண்டும் என்று சிலர் கூறக்கூடும். தொடக்கத்துக்கு வேண்டுவன கறையான் ஏறாத ஓர் அலமாரி, வெவ்வேறு ஊர்களில் வைக்க இரண்டு பிரதிகள், பொறுப்பான ஒரு நூலகர், ஆய்வு முறை வகுப்பில் ஒரு பருவத்துக்குப் பத்து மணி நேரம் ஆகியவை. அந்தப் பத்து மணி நேரத்தில் மாணவர் புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. தமக்கு முன்னிருந்த மாணவர் ஒருவரின் நிரப்பிய தாள்களையும் குறியீட்டு ஏட்டையும் ஆய்வேட்டையும் ஒருசேரக் கொடுத்து, ஆய்வேட்டிலுள்ள ஓர் அட்டவணையை மட்டும் மீண்டும் கணக்கிட்டுக் காட்டுமாறு சொல்ல வேண்டும். கணக்கு ஒத்துவராதபோது, தாளில் எழுதியவரின் கை எங்கே தயங்கியது, எந்த விடையை எந்த வகையில் சேர்ப்பதென்று அவர் எவ்வாறு முடிவு செய்தார் என்று மாணவரே தேடத் தொடங்குவர். அம்மாணவர் அடுத்த ஆண்டு தாமே கிராமத்துக்குப் போகும்போது, ‘வீட்டு வேலைதான்’ என்று கணவன் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்தி, உள்ளே இருக்கும் அம்மாளையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுவார்.